37 ஆசிரியர்களும் ஒரு தலைப்புச் செய்தியும்

சென்ற மாதம் ஒரு நாள் மஃரிபுக்குப் பின் எங்கள் தெருவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். சிறு வயதில் என்னிடம் ஓதியவர். இப்போது கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த பத்திரிகைத் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினார்.

"ஆலிம்சா, இதைப் பாருங்க. பேப்பர்லயே போட்டுட்டான். மவளை இந்த வருசமே தனியார் பள்ளிக்கூடத்துக்கு மாத்திடலாம்னு இருக்கேன். நகையை வச்சாவது ஃபீஸ் கட்டிடலாம்னு வீட்லயும் சொல்றாங்க."

வாங்கிப் படித்தேன். பதினோரு வரிச் செய்தி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளைவிடத் தனியார் பள்ளிப் பிள்ளைகள் நன்றாகப் படிக்கின்றனர் என்று ஓர் ஆய்வு கூறுகின்றதாம். எந்தப் பிள்ளைகள், எத்தனை பேர், எதைப் படிக்கச் சொன்னார்கள், யாரோடு யாரை ஒப்பிட்டார்கள் என்பதற்கெல்லாம் அந்தப் பதினோரு வரிகளில் இடமில்லை. இரண்டு சதவிகிதக் கணக்குகள் மட்டும் இருந்தன. அந்த இரண்டு எண்களின் மேல் ஒரு குடும்பத்தின் நகை அடகுக் கடைக்குப் போக ஆயத்தமாக நின்றது.

கல்வி பற்றிய ஆய்வுச் செய்தி மற்றச் செய்திகளைப் போன்றதன்று. வெளிநாட்டில் ஓர் அமைச்சரவை கவிழ்ந்தால் நாம் படித்துவிட்டு மடித்து வைக்கிறோம். 'ஆய்வு கூறுகிறது' என்று தொடங்கும் கல்விச் செய்தியைப் படித்த தகப்பனோ அந்த வாரத்திலேயே அதன்படி நடக்க முனைகிறான். ஆகவே அச்செய்தியை எழுதுகின்றவரின் பொறுப்பும் அதற்கேற்பப் பெரியது. அந்தப் பொறுப்பு எங்கே தவறுகின்றது என்று காட்ட, நான் சற்றே இங்கிலாந்து வரை போக வேண்டியிருக்கின்றது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு கல்வி ஆய்வு பிறந்ததும், பத்திரிகைகளால் புகழ் பெற்றதும், பின்னர் அதை ஆக்கியவராலேயே திருத்தப்பட்டதுமான முழு வரலாறு அங்கேதான் இவ்வளவு தெளிவாக ஏடுகளில் பதிந்து கிடக்கின்றது. திரும்பி வந்து பாத்திரக் கடைக்காரரின் துண்டைப் பார்ப்போம்.

1967 இல் இங்கிலாந்தில் பிளௌடன் குழுவின் அறிக்கை வெளியாயிற்று. தொடக்கப் பள்ளிகளில் குழந்தையின் ஆர்வத்தையும் தானே கண்டறியும் முயற்சியையும் முன்வைத்துக் கற்பிக்க வேண்டும் என்பது அதன் போக்கு. வரிசையாக உட்கார வைத்து, வாய்ப்பாடும் எழுத்துப் பிழையும் சொல்லிக் கொடுக்கும் பழைய முறைக்கு அது எதிர்நிலை. 1969 முதல் 'கறுப்பு அறிக்கைகள்' எனப்பட்ட வெளியீடுகள் இந்தப் புதுமுறையைக் கடுமையாகத் தாக்கின. 1975 இல் இலண்டனில் வில்லியம் டிண்டேல் என்னும் பள்ளியில் புதுமுறை பற்றி ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் நிர்வாகத்துக்கும் மூண்ட தகராறு நாடறிந்த விவகாரமாகி, விசாரணை வரை சென்றது. ஊரே இரு கட்சியாக நின்ற அந்த வேளையில், 1976 இல் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நெவில் பென்னட் என்பவர் ஒரு நூல் வெளியிட்டார். கற்பிக்கும் பாணிகளும் மாணவர் முன்னேற்றமும் என்பது அதன் பொருள். ஜெரோம் புரூனர் என்னும் பெரும் உளவியல் அறிஞர் அதற்கு முன்னுரை எழுதியிருந்தார்.

பென்னட் செய்த வேலை சாமானியமானதன்று. லங்கஷயர், கம்ப்ரியா பகுதிகளில் நூற்றுக்கணக்கான தொடக்கப் பள்ளிகளுக்குக் கேள்வித்தாள் அனுப்பினார். விடைகளைக் கொண்டு ஆசிரியர்களைப் பன்னிரண்டு வகையாகப் பிரித்தார். பின் அவர்களிலிருந்து 37 பேரைத் தேர்ந்தெடுத்து முறைசார்ந்த கற்பித்தல், தளர்ந்த கற்பித்தல், இரண்டும் கலந்தது என மூன்று அணியாக வைத்துக்கொண்டு, அவர்களிடம் படித்த ஏறத்தாழ 950 பிள்ளைகளை ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் சோதித்தார். வாசிப்பு, கணக்கு, ஆங்கிலம் ஆகியவற்றில் பொதுவாக முறைசார்ந்த வகுப்பின் பிள்ளைகளே முன்னேறியிருந்தனர் என்பது அவர் கண்ட முடிவு.

பத்திரிகைகளுக்கு வேறென்ன வேண்டும்! பழைய முறையே வென்றது என்று எழுதினார்கள். பி.பி.சி. தொலைக்காட்சியும் அதை ஒரு நிகழ்ச்சியாக்கிற்று. அந்த ஆண்டு அக்டோபரில் பிரதமர் காலகன் ஆக்ஸ்ஃபோர்டில் ரஸ்கின் கல்லூரியில் கல்வி பற்றிப் பேசிப் பெரியதொரு நாடளாவிய விவாதத்தைத் தொடங்கி வைத்தபோது, இந்த ஆய்வின் ஓசை ஏற்கெனவே காற்றில் இருந்தது. தளர்ந்த முறையில் பாடம் நடத்திய ஆசிரியை ஒருத்தி மறுநாள் காலை வகுப்புக்கு எந்த முகத்தோடு போயிருப்பாள் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. ஆசிரியத் தொழிலில் முப்பது வருடம் இருந்தவனுக்கு அந்த எண்ணம் தானாக வரும்.

செய்தி படித்தவர்களின் மனத்தில் பதிந்த எண் 950. பிள்ளைகள் 950 பேர் என்றால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது? ஆனால் அந்த ஆய்வு எடைபோட வந்தது பிள்ளைகளை அன்று, கற்பிக்கும் பாணியை. பாணியை உடையவர் ஆசிரியர். ஆசிரியர்களோ 37 பேர்தாம். ஓர் அணிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பேர்.

இதன் வேறுபாடு என்ன என்று கேட்கலாம். ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள் ஒரே ஆசிரியரிடம், ஒரே அறையில், ஒரே வருடம் படிக்கிறார்கள். ஆசிரியர் கெட்டிக்காரரானால் முப்பது பேரும் சேர்ந்து ஏறுவார்கள். அவர் பாதி வருடம் நோயில் கிடந்தால் முப்பது பேரும் சேர்ந்து இறங்குவார்கள். பாணியைப் பற்றி அந்த முப்பது பிள்ளைகளும் முப்பது தனித்தனிச் சாட்சிகள் ஆகமாட்டார்கள். ரமலான் பிறை விஷயத்தில் நம் ஊரில் இதை எல்லாரும் அறிவார்கள். பக்கத்து ஊரில் பிறை கண்டதாக முப்பது பேர் வந்து சொன்னாலும், முப்பது பேருமே ஒருவரிடம் கேட்டுச் சொல்பவர்கள் என்று தெரிந்தால், காஜியார் அதை ஒரு சாட்சியமாகவே வைப்பார். அறிவிப்புகளை ஆராய்ந்த ஹதீஸ் கலை அறிஞர்கள் வழிகள் பலவாகத் தோன்றினாலும் அவை நடுவில் ஒரே மனிதரிடம் வந்து குவிகின்றனவா என்று தேடியதும் இதற்காகத்தான். 950 என்பது பெரிய எண். 37 சிறிய எண். பத்திரிகைகள் பெரிய எண்ணைத் தூக்கிப் பிடித்தன.

அறிஞர் உலகம் வாளாவிருக்கவில்லை. அதே 1976 இல் ஜான் கிரே, டேவிட் சாட்டர்லி என்னும் இருவர் அந்நூலின் பிழைகளைக் காட்டிக் கடுமையான கட்டுரை எழுதினர். பிறகு லங்காஸ்டர் பல்கலைக்கழகத்திலேயே இருந்த மர்ரே அய்ட்கின் என்னும் புள்ளியியலார் தம் தோழர்களோடு அதே விவரங்களை எடுத்து, பிள்ளைகள் வகுப்பு வகுப்பாகக் கூடியிருப்பதைக் கணக்கில் கொண்டு, புதிய முறையில் மறுபடி ஆராய்ந்தார். 1981 இல் முடிவு வெளியாயிற்று. மூன்று பாணிகளுக்கும் இடையே இருந்ததாகச் சொன்ன வேறுபாடு சுருங்கி, தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்று சொல்லத்தக்க அளவுக்கு இறங்கிவிட்டது. ஒரே பாணிக்குள்ளேயே ஆசிரியருக்கு ஆசிரியர் இருந்த ஏற்றத்தாழ்வுதான் பெரிதாகத் தெரிந்தது.

நான் வியந்து போற்றுவது ஒன்றுண்டு. அந்த மறு ஆய்வுக் கட்டுரை ஒன்றில் ஆசிரியர்களில் ஒருவராகப் பென்னட்டின் பெயரும் இருக்கின்றது. தம் பெயரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோன முடிவைத் தாமே அமர்ந்து திருத்தினார். அறிவுக்கு இதைவிட நேர்மையான வணக்கம் இல்லை.

ஆனால் 1981 ஆம் ஆண்டுத் திருத்தம் ஆய்வு இதழ்களின் பக்கங்களில் வந்தது. 1976 இன் ஆரவாரத்தோடு ஒப்பிட, அதன் மேல் விழுந்த வெளிச்சம் மிகச் சிறிது. ஐந்து வருடத்துக்கு முன் கொட்டை எழுத்தில் படித்தவர்களுக்கு யார் போய்ச் சொல்வது? பள்ளிகளில் பாணியை மாற்றியவர்கள் மாற்றியவர்களே. பிள்ளையை வேறு பள்ளியில் சேர்த்தவர்கள் சேர்த்தவர்களே.

இங்கே நியாயமாகப் பேச வேண்டும். 1976 இன் செய்தியாளர்கள் பொய் எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. அய்ட்கின் கையாண்ட முறை அன்று பழக்கத்துக்கு வந்திருக்கவில்லை. புள்ளியியலாருக்கே அரிதான ஒன்றைச் செய்தியாளரிடம் எதிர்பார்ப்பது கொடுமை. ஆயினும் 37 என்ற எண் அந்த நூலிலேயே அச்சாகியிருந்தது. அதை எடுத்து இரண்டாம் வரியில் போடுவதற்குப் புள்ளியியல் தேவையில்லை. 'பாணி ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு, பதின்மூன்று ஆசிரியர்கள்' என்று எழுதியிருந்தால், சமையற்கட்டில் இருக்கும் பெண்ணும் "அவ்வளவுதானா?" என்று கேட்டிருப்பாள்.

இன்னொன்றும் அந்நூலில் இருந்தது. மிக அதிகமாக முன்னேறிய வகுப்புகளுள் ஒன்று தளர்ந்த முறையில் நடந்த வகுப்பு. பென்னட் அதை மறைக்கவில்லை. அந்த வகுப்பில் என்ன நடந்தது என்று தனியே ஆராய்ந்து எழுதினார். தேர்ந்த செய்தியாளர் எவரும் முதலில் அந்தக் கதவைத்தான் தட்டியிருக்க வேண்டும். விதிக்கு மாறாக நிற்கும் ஒன்றே விதியின் எல்லையைக் காட்டும். இலக்கணம் படித்தவர்களுக்கு இது தெரியும். புறனடைச் சூத்திரத்தை விட்டுவிட்டு இலக்கணம் கற்பித்தேன் என்று சொல்பவனை யார் ஒப்புவார்?

சொல்லைப் பெயர்ப்பதில் நேரும் பிழையையும் சொல்லியாக வேண்டும். இது நம் தமிழ்ப் பத்திரிகைகளை நேராகவே தொடும். புள்ளியியலில் 'சிக்னிஃபிகன்ட்' என்று ஒரு சொல் வருகின்றது. வெறும் தற்செயலால் மட்டும் இவ்வளவு வேறுபாடு வருவது அரிது என்பதே அதன் பொருள். வேறுபாடு பெரியது என்பது அதன் பொருளன்று. நம்மவர்கள் அதைக் 'குறிப்பிடத்தக்க வேறுபாடு' என்று தமிழாக்குகிறார்கள். படிக்கிறவர் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு என்று எண்ணிக்கொள்கிறார். நூற்றுக்கு ஒரு மதிப்பெண் வேறுபாடும், பிள்ளைகள் பல ஆயிரம் பேரானால், அந்தச் சொல்லுக்கு உரியதாகிவிடும். 'தற்செயல் என்று தள்ள முடியாத வேறுபாடு' என்று எழுதினால் நீளம் கொஞ்சம் கூடும், உண்மையும் கூடும். இப்படியே, இங்கிலாந்தில் 2011 இல் தொடங்கப்பட்ட கல்வி நிதியம் ஒன்று ஆய்வு முடிவுகளை 'இத்தனை மாத முன்னேற்றம்' என்று வெளியிடுகின்றது. யாரும் நாட்காட்டியை வைத்து மாதங்களை எண்ணவில்லை. மதிப்பெண்கள் சிதறிக் கிடக்கும் அளவை மாதக் கணக்காக மாற்றிச் சொல்லும் மொழிபெயர்ப்பு அது. மொழிபெயர்ப்பு என்று தெரிந்து படித்தால் குற்றமில்லை. மூலம் என்று எண்ணிப் படித்தால் ஏமாற்றம்.

தலைப்பை எழுதுகின்றவர் பெரும்பாலும் செய்தியை எழுதியவர் அல்லர் என்பதையும் நான் அறிவேன். செய்தியாளர் 'இருக்கலாம்' என்று எழுதியதை இரவுப் பணியில் இருக்கும் உதவி ஆசிரியர் இடம் போதாமல் 'இருக்கிறது' என்று ஆக்கிவிடுகிறார். பல்கலைக்கழகங்களும் குற்றமற்றவை அல்ல. தம் ஆய்வைப் பற்றிப் பத்திரிகைகளுக்கு அனுப்பும் குறிப்பில் அவர்களே முதல் சர்க்கரையைத் தூவி விடுகிறார்கள். ஆகவே அந்தக் குறிப்பைப் பார்த்துச் செய்தி எழுதுவது, கலியாணத் தரகரிடம் கேட்டு மாப்பிள்ளையின் குணம் எழுதுவதற்கு ஒப்பாகும். மூலக் கட்டுரையை எடுத்து, அதில் ஆய்வாளர் தம் ஆய்வின் குறைகளைத் தாமே சொல்லும் பகுதியை முதலில் படிக்க வேண்டும். நேர்மையான ஆய்வுகளில் அப்பகுதி கட்டாயம் இருக்கும். அந்த ஆய்வில் பங்கில்லாத வேறோர் அறிஞரைத் தொலைபேசியில் அழைத்து ஒரு கேள்வி கேட்பதற்கு அரை மணி நேரம் போதும்.

இனி, பாத்திரக் கடைக்காரரின் துண்டுக்கு வருகிறேன்.

அச்செய்தியின் மூலம் 'அசர்' எனப்படும் அறிக்கை. பிரதம் என்னும் தொண்டு நிறுவனம் 2005 முதல் நடத்திவரும் கல்விநிலைக் கணக்கெடுப்பு. ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் வரும் இந்தச் சொல்லுக்கு இந்தியில் விளைவு, தாக்கம் என்று பொருள். நம் அரபுச் சொல்தான். காலடித் தடம் என்பது அதன் மூலப் பொருள். தொழுகையின் அஸர் என்று மயங்க வேண்டாம். அது 'ஐன்' எழுத்தில் தொடங்குவது, இது 'அலிஃப்' எழுத்தில் தொடங்குவது.

இந்தக் கணக்கெடுப்பு நடப்பது பள்ளிக்கூடத்தில் அன்று, வீட்டில். தொண்டர்கள் கிராமத்து வீடுகளுக்குப் போய்ப் பிள்ளையை ஒற்றையாக உட்கார வைத்து, எழுத்து, சொல், ஒரு சிறு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான ஒரு சிறு கதை என்று படிக்கச் சொல்கிறார்கள். 2024 இல் 605 கிராமப்புற மாவட்டங்களில் சுமார் ஆறரை லட்சம் பிள்ளைகளைச் சந்தித்தார்கள். மிக எளிய சோதனை. எளிமைதான் அதன் வலிமை. இந்தியக் கிராமங்களில் அந்தக் கதையைப் படிக்க முடிந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 2018 இல் ஏறத்தாழப் பாதிப் பேர். பள்ளிகள் மூடிக் கிடந்த கொள்ளைநோய்க் காலத்துக்குப் பின், 2022 இல் நூற்றுக்கு 43 பேர் அளவுக்கு இறங்கினார்கள். 2024 இல் 49 அளவுக்கு ஏறினார்கள். இவை நாட்டின் தூக்கத்தைக் கெடுக்க வேண்டிய எண்கள்தாம். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 'பாதிப் பிள்ளைகளுக்குப் படிக்கவே தெரியாது' என்று எழுதினால் அது வேறு செய்தி. கதையைப் படிக்கத் திணறிப் பத்தியைப் படித்த பிள்ளையும், சொல்லைப் படித்த பிள்ளையும், எழுத்தே தெரியாத பிள்ளையும் ஒரே கூடையில் விழுந்துவிடுகிறார்கள். நகரத்துப் பிள்ளைகள் இந்தக் கணக்கில் இல்லவே இல்லை.

அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்று இரு வரிசையாக எண்கள் வருவதும் இந்த அறிக்கையில்தான். தனியார் வரிசையின் எண் பெரும்பாலும் கூடுதலாக இருக்கின்றது. ஆனால் தனியார் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் வீடும் அரசுப் பள்ளிக்கு அனுப்பும் வீடும் ஒன்றா? தாய் படித்திருக்கிறாளா, வீட்டில் அச்சுத்தாள் ஏதேனும் கிடக்கிறதா, மாலையில் டியூஷன் உண்டா என்பவையெல்லாம் பள்ளிக் கணக்கில் புகுந்து ஒளிந்துகொள்கின்றன. இதை நான் என் சொந்த யோசனையாகச் சொல்லவில்லை. அறிக்கைத் தொகுதிகளிலேயே விலிமா வாத்வா என்னும் பொருளியலார் கட்டுரை எழுதி, குடும்பத்தின் நிலையைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தால் இரு வகைப் பள்ளிகளின் இடைவெளி பெருமளவு சுருங்கிவிடுகின்றது என்று காட்டியிருக்கிறார். எண்களை வெளியிட்ட வீட்டிலிருந்தே எச்சரிக்கையும் வெளியாயிற்று. பதினோரு வரிச் செய்தியில் எண்கள் ஏறின, எச்சரிக்கை ஏறவில்லை.

இங்கிலாந்தில் நடந்ததற்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை வாசகர்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். அங்கே பிள்ளைகளை எண்ணி ஆசிரியரைப் பற்றித் தீர்ப்புச் சொன்னார்கள். இங்கே வீட்டையும் சேர்த்து அளந்துவிட்டுப் பள்ளியைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறார்கள். இரண்டிலும் எண் சரியானது. அது யாரைப் பற்றிய எண் என்பதுதான் தவறிப் போயிற்று.

இவ்வளவையும் அன்றிரவு அவரிடம் சொல்லவில்லை. பிறை சாட்சி உதாரணத்தை மட்டும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "அப்ப பேப்பர்ல போட்டது பொய்யா ஆலிம்சா?" என்றார். "பொய் இல்லப்பா, பாதி" என்றேன். மறுநாள் மகளையும் அவளுடைய தமிழ்ப் பாடநூலையும் கூட்டி வரச் சொன்னேன். நாலாம் வகுப்பு. திண்ணையில் உட்கார வைத்து, அவள் இன்னும் பார்த்திராத பக்கம் ஒன்றைத் திறந்து கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அசர் தொண்டர்கள் செய்வதும் இதுவே. இரண்டு இடத்தில் தட்டுப்பட்டாள். மீண்டும் பிடித்துக்கொண்டு கதையை முடித்தாள். கணக்கில்தான், கடன் வாங்கிக் கழிப்பதில், தடுமாறுகிறாள். அவள் வகுப்பு ஆசிரியையைப் போய்ப் பார்த்தீரா என்று கேட்டேன். பிள்ளையைச் சேர்த்த நாளுக்குப் பிறகு அந்தப் பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

திங்கட்கிழமை கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் போய்ப் பார்த்து வந்ததாகச் சொன்னார். பள்ளி மாற்றுவது பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. ஜூன் வரை அவகாசம் இருக்கிறது. செய்தி வெளியிட்ட பத்திரிகைக்கு, ஒப்பீட்டில் குடும்ப நிலை கணக்கிடப்பட்டதா என்று கேட்டு நான் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன்.